வாசலில் கேட்கப்படும் ஆவணம்: பிரித்தானியத் தமிழரும் இலவச வாக்காளர் சான்றிதழும்

(பிரித்தானியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் காலம் நெருங்கியதும் பிரித்தானியத் தமிழ் இல்லங்களில் எந்தக் கட்சி தமிழருக்கு நன்மை செய்தது, எந்த வேட்பாளர் தமிழர் நிகழ்வுகளுக்கு வருகை தந்தார் என்ற விவாதங்கள் எழுவது வழக்கம். அவை தேவையான விவாதங்களே. ஆயினும் 2023ஆம் ஆண்டு முதல், அவற்றுக்கு முன்னதாகவே விடை காணவேண்டிய வேறொரு கேள்வி உண்டு. வாக்களிப்பு நிலையத்தில் காட்டுவதற்கு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் ஏற்றுக்கொள்ளத்தக்க புகைப்பட அடையாள ஆவணம் இருக்கின்றதா என்பதே அக்கேள்வி. இல்லாதவருக்கு அரசே ஓர் ஆவணத்தை இலவசமாக வழங்குகின்றது. அது எவ்வாறு கிடைக்கும், யாருக்குத் தேவை, தமிழ்க் குடும்பங்கள் எங்கே தடுமாறக்கூடும் என்பனவே இவ்வுரையின் பொருள்.

ஆவணமும் வாக்குரிமையும்: ஒரு பழைய பாடம்

ஆவணம் இன்மையால் வாக்குரிமை பறிபோவது எத்தகையது என்பதைத் தமிழருக்கு வேறெவரும் கற்பிக்கவேண்டியதில்லை. இலங்கையின் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தமிழ் மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தன் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ அவருக்கு முந்திய தலைமுறையினரோ இலங்கையில் பிறந்தவர்கள் என்பதை நிறுவும் பொறுப்பு தோட்டத் தொழிலாளியின் தலையில் சுமத்தப்பட்டது. லயன் அறைகளில் பிறந்து தேயிலை மலைகளிலேயே மடிந்தோரின் பிறப்புக்கு எழுத்துச் சான்று எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசாவுரிமை இல்லாதோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் நாடற்றோர் ஆக்கப்பட்டனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதியாக ஒருவரேனும் தெரிவாகவில்லை. அந்த அநீதியின் எஞ்சிய பகுதியைத் தீர்ப்பதற்கு 2003ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது.

பிரித்தானியாவின் இன்றைய நிலை அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. இங்கே எவருடைய வாக்குரிமையும் பறிக்கப்படவில்லை. தேவையான ஆவணத்தைத் தருவதற்கு அரசு கடமைப்பட்டுள்ளது. எனினும், கேட்டால் கிடைக்கும் ஆவணத்தைக் கேளாமல் இருந்து வாக்கை இழப்பவரின் நிலையும் முடிவில் வாக்கு இழந்தவரின் நிலையே. முன்னையது அரசு இழைத்த அநீதி. பின்னையது தவிர்க்கக்கூடிய கவனக்குறைவு. வேறுபாடு அவ்வளவே.

சட்டம் கூறுவது என்ன?

2022ஆம் ஆண்டின் தேர்தல்கள் சட்டம் அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் திகதி அரச ஒப்புதல் பெற்றது. அதன்படி, வாக்களிப்பு நிலையத்தில் நேரில் வாக்களிப்போர் புகைப்பட அடையாள ஆவணம் காட்டவேண்டும் என்ற விதி, 2023 மே 4ஆம் திகதி இங்கிலாந்தில் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தல்களில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. 2024 யூலை 4ஆம் திகதி நடைபெற்றதே பிரித்தானியா முழுவதும் இவ்விதியின்கீழ் நடந்த முதலாவது பொதுத்தேர்தல். வட அயர்லாந்தில் இது புதியதன்று. அங்கே 2003 முதல் புகைப்பட ஆவணம் கட்டாயமாக இருந்து வருகின்றது, இலவசத் தேர்தல் அடையாள அட்டையும் வழங்கப்படுகின்றது.

ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம், வேல்ஸ் செனட் ஆகியவற்றுக்கும், அவ்விரு நாடுகளின் உள்ளூராட்சி சபைகளுக்குமான தேர்தல்களுக்கு இவ்விதி பொருந்தாது. ஆனால் அங்கு வாழ்வோரும் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும்போது ஆவணம் காட்டவே வேண்டும்.

இவ்விதி எத்தனை பேரைத் தடுத்தது? 2023 மே மாதத் தேர்தல்களில், வாக்களிப்பு நிலையம் வரை வந்தும் ஏற்கத்தக்க ஆவணம் இல்லாமையால் வாக்களிக்க இயலாமல் போனோர் ஏறத்தாழ 14,000 பேர் எனத் தேர்தல் ஆணைக்குழு கணக்கிட்டது. நேரில் வாக்களிக்க வந்தோரில் இது 0.25 சதவீதம். விழுக்காட்டளவில் சிறிது எனத் தோன்றலாம். ஆனால் 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வட இலண்டனின் ஹெண்டன் தொகுதியில் வெற்றியையும் தோல்வியையும் பிரித்தவை 15 வாக்குகள் மாத்திரமே. மூன்று தமிழ்க் குடும்பங்களின் பெரியோர் அனைவரும் வாக்களித்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். ஆவணம் தேவை என்பதை அறிந்து வீட்டிலேயே தங்கிவிட்டோர் மேற்கூறிய 14,000 என்ற கணக்கில் சேரவில்லை என்பதும் கவனத்திற்குரியது.

யாருக்கு வாக்குரிமை உண்டு?

ஆவணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், உரிமையைப் பற்றித் தெளிவு வேண்டும். பிரித்தானியக் குடியுரிமை பெற்றவருக்கே வாக்குரிமை உண்டு என்ற தவறான எண்ணம் தமிழரிடையே பரவலாக உள்ளது. உண்மை வேறு. பிரித்தானியாவில் தங்குவதற்கான சட்டபூர்வ அனுமதி பெற்ற, அல்லது அத்தகைய அனுமதி தேவைப்படாத பொதுநலவாய நாட்டுப் பிரசைகள், இங்கு நடைபெறும் எல்லாத் தேர்தல்களிலும், பொதுத்தேர்தல் உட்பட, வாக்களிக்கலாம். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், மொரீசியஸ், தென்னாபிரிக்கா ஆகியன பொதுநலவாய நாடுகளே. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் வந்தவருக்கும், சென்னையிலிருந்து தொழில் விசாவில் வந்த பொறியியலாளருக்கும், வாழ்க்கைத் துணையாக வந்தவருக்கும், தஞ்சம் ஏற்கப்பட்டு வதிவிட அனுமதி பெற்ற இலங்கைப் பிரசைக்கும் இங்கு வாக்குரிமை உண்டு. பதிவு செய்வதற்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதேவேளை, தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்காமல், எவ்வித வதிவிட அனுமதியும் இன்றிக் காத்திருப்போருக்கு இவ்வுரிமை இல்லை. தகுதி பெற்றவர் எனத் தெரிந்தே பொய் கூறிப் பதிவது குற்றமாகும். அவ்வாறு காத்திருப்போரைப் பதியுமாறு உறவினரோ நண்பரோ தூண்டுதல் ஆகாது.

பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் முதலிய நாடுகளில் குடியுரிமை பெற்று, பின்னர் பிள்ளைகளின் கல்விக்காக இங்கிலாந்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அந்நாடுகளின் குடியுரிமையை மட்டும் கொண்டோர் பிரித்தானியப் பொதுத்தேர்தலில் வாக்களிக்க முடியாது. இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களிலும் 2024 மே மாதத்தின் பின்னர் விதி மாறியுள்ளது. டென்மார்க், லக்சம்பேர்க், போலந்து, போர்த்துக்கல், ஸ்பெயின் நாட்டவருக்கும், 2020 இறுதிக்கு முன்னரிருந்து சட்டபூர்வமாக இங்கு வசித்துவரும் ஏனைய ஐரோப்பிய ஒன்றியப் பிரசைகளுக்கும் அவ்வுரிமை தொடர்கின்றது. கையிலுள்ள கடவுச்சீட்டு அடையாளத்துக்கு ஏற்கப்படுவதும், அதனை உடையவருக்கு வாக்குரிமை இருப்பதும் வெவ்வேறு விடயங்கள் என்பதை இக்குடும்பங்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஏற்கப்படுவன, ஏற்கப்படாதன

பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டுமன்றி, எந்தப் பொதுநலவாய நாட்டின் கடவுச்சீட்டும் வாக்களிப்பு நிலையத்தில் ஏற்கப்படும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகள் இதனுள் அடங்கும். பிரித்தானிய சாரதி அனுமதிப்பத்திரம், பயிலுநர் அனுமதிப்பத்திரம் உட்பட, ஏற்கப்படும். முதியோருக்கான பேருந்து அட்டை, இலண்டனின் பிறீடம் பாஸ், 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஒய்ஸ்டர் அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான நீலநிற வாகனத் தரிப்பிட அட்டை, குடிவரவுத் திணைக்களம் வழங்கிய பி.ஆர்.பி. அட்டை ஆகியனவும் பட்டியலில் உள்ளன.

இலங்கைத் தேசிய அடையாள அட்டை, இந்திய வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை, இலங்கை அல்லது இந்திய சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியன அப்பட்டியலில் இல்லை. பல்கலைக்கழக மாணவர் அட்டையும், இளையோருக்கான ஒய்ஸ்டர் அட்டையும், தொடருந்துச் சலுகை அட்டையும் இல்லை. பாட்டியின் பயண அட்டை ஏற்கப்பட, பேத்தியின் பயண அட்டை மறுக்கப்படுவது முரணாகத் தோன்றலாம். அம்முரண்பாடு பற்றிய விமர்சனம் நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. விமர்சனம் ஒருபுறம் இருக்க, வாக்களிக்கச் செல்லும் பேத்தியிடம் வேறோர் ஆவணம் இருத்தல் வேண்டும்.

தபாலில் வரும் வாக்காளர் அறிவிப்பு அட்டை அடையாள ஆவணம் ஆகாது. அதனை மட்டும் எடுத்துச் சென்று திரும்பி வந்தோர் உண்டு.

இரண்டு விதிகள் வாக்காளருக்குச் சாதகமானவை. முதலாவது, ஆவணம் காலாவதியாகி இருந்தாலும், அதிலுள்ள படம் இன்றைய முகத்தை ஒத்திருந்தால் அது ஏற்கப்படும். புதுப்பிக்கப்படாத இலங்கைக் கடவுச்சீட்டோடு வாழும் முதியோருக்கு இது பெரும் ஆறுதல். இரண்டாவது, ஆவணத்திலுள்ள முகவரி வாக்காளர் இடாப்பிலுள்ள முகவரியோடு பொருந்தவேண்டியதில்லை. வீடு மாறியபின் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருத்தாதவர் அதன் காரணமாகத் தடுக்கப்படமாட்டார்.

பாதகமான விதி ஒன்றும் உண்டு. மூல ஆவணமே காட்டப்படவேண்டும். பிரதியோ, கைத்தொலைபேசியில் எடுத்த படமோ போதாது என்பதே 2023இல் நடைமுறைக்கு வந்த விதி. பி.ஆர்.பி. அட்டைகள் 2024 இறுதியோடு காலாவதியாகி, அவற்றின் இடத்தில் இணையவழி ஈ-விசா வந்துள்ளமையால் இது முக்கியத்துவம் பெறுகின்றது. ஈ-விசா மட்டும் உள்ளவரின் கையில் காட்டுவதற்கு ஓர் அட்டை இல்லை. தஞ்சம் பெற்ற இலங்கைத் தமிழர் பலர், தாம் அஞ்சி வெளியேறிய அரசின் தூதரகத்தில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க இயலாத நிலையில் உள்ளோர். வாக்குரிமை உண்டு, காட்டுவதற்கு ஆவணம் இல்லை என்ற நிலை இவர்களுக்கே நேரக்கூடும். இலவசச் சான்றிதழ் முதன்மையாகத் தேவைப்படுவதும் இவர்களுக்கே.

இலவசச் சான்றிதழைப் பெறும் வழி

ஆங்கிலத்தில் 'வோட்டர் ஒதோரிட்டி சேட்டிபிக்கற்' எனப்படும் வாக்காளர் அதிகாரச் சான்றிதழ், ஏற்கத்தக்க வேறு ஆவணம் இல்லாத வாக்காளருக்கென உருவாக்கப்பட்டது. உள்ளூர் சபையின் தேர்தல் பதிவு அலுவலர் அதனை வழங்குகின்றார். விண்ணப்பத்துக்கோ, சான்றிதழுக்கோ, அதனைத் தபாலில் அனுப்புவதற்கோ கட்டணம் இல்லை. தொலைந்தால் புதியதும் இலவசமே. பணம் கேட்கும் இடைத்தரகர் எவருக்கும் ஒரு பவுணேனும் கொடுக்கவேண்டிய தேவை இல்லை.

பெறும் முறை எளிது. விண்ணப்பதாரரின் பெயர் முதலில் வாக்காளர் இடாப்பில் இருத்தல் வேண்டும். இல்லையெனில் முதலில் அதற்குப் பதிய வேண்டும். அடுத்து, பிரித்தானிய அரசின் இணையத்தளத்திலோ, உள்ளூர் சபையிடம் பெறும் தாட்படிவத்திலோ, பெயர், முகவரி, பிறந்த திகதி, தேசிய காப்புறுதி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்து, கடவுச்சீட்டுக்கு எடுப்பது போன்ற முகப்படம் ஒன்றையும் சேர்க்கவேண்டும். வெற்றுச் சுவரின் முன் நிறுத்திப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் எடுக்கும் தெளிவான படம் போதுமானது. படப்பிடிப்பு நிலையத்துக்குச் செல்லவேண்டியதில்லை. படம் எடுக்க வசதியற்றோர் சபை அலுவலகத்தின் உதவியை நாடலாம்.

பிள்ளைகளோடு வாழ வந்த முதியோர் சிலரிடம் தேசிய காப்புறுதி இலக்கம் இருப்பதில்லை. இலக்கம் இல்லை என்பதை விண்ணப்பத்திலேயே தெரிவிக்கலாம். அலுவலர் வேறு ஆவணங்களைக் கோருவார். அவையும் இல்லையெனில், நன்மதிப்புள்ள ஒருவரின் எழுத்துமூல உறுதிப்படுத்தலைக் கோரலாம். வழி அடைபடுவதில்லை, சில நாட்கள் கூடுதலாகச் செல்லும் என்பதே வேறுபாடு.

காலக்கெடு இங்கு முக்கியம். பதிவுக்கான இறுதி நாள் வாக்களிப்புக்கு 12 வேலைநாட்களுக்கு முன்னர். சான்றிதழ் விண்ணப்பத்துக்கான இறுதி நேரம் வாக்களிப்புக்கு 6 வேலைநாட்களுக்கு முன்னர் மாலை 5 மணி. 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இவை முறையே யூன் 18, யூன் 26 ஆக அமைந்தன. அந்தத் தேர்தல் மே 22ஆம் திகதியே அறிவிக்கப்பட்டது. அறிவித்தபின் ஆயத்தமாவோம் என்றிருந்தோருக்கு நான்கு வாரங்களே கிடைத்தன. சான்றிதழுக்குக் காலாவதித் திகதி இல்லை. பத்து ஆண்டுகளின் பின் புதுப்பிப்பது நன்று என்றே பரிந்துரைக்கப்படுகின்றது. ஆகவே தேர்தல் இல்லாத ஒரு மாதத்தில் ஆறுதலாக விண்ணப்பித்துப் பெற்று, கடவுச்சீட்டுகளோடு சேர்த்து வைப்பதே அறிவுடைமை.

பெயர் என்னும் சிக்கல்

ஏனைய சமூகத்தவருக்கு இல்லாத சிக்கல் ஒன்று தமிழருக்கு உண்டு. அது பெயர். ஆவணத்திலுள்ள பெயரும் வாக்காளர் இடாப்பிலுள்ள பெயரும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது விதி. சிறு வேறுபாடு தடையாகாது. ஆனால் இருவரும் ஒருவர்தானா என அலுவலர் ஐயுறும் அளவுக்கு வேறுபாடு இருத்தலாகாது.

தமிழ்ப் பெயர் ஆங்கிலப் படிவத்தினுள் புகும்போது நேர்வது யாவரும் அறிந்ததே. கந்தையாவின் மகன் சிவகுமாரன் கடவுச்சீட்டில் 'கந்தையா சிவகுமாரன்', வேலையிடத்தில் 'சிவகுமாரன் கந்தையா', வாக்காளர் இடாப்பில் 'கே. சிவா'. குடும்பப் பெயர் என்னும் கட்டத்துள் தந்தையின் பெயரை எழுதுவதா தன் பெயரை எழுதுவதா என்ற குழப்பத்தில், ஒரே வீட்டிலுள்ள தந்தைக்கும் மகனுக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் அமைகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வருவோரின் முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் எழுத்தாகவும் மற்றொன்றில் விரிந்த பெயராகவும் நிற்கின்றது. திருமணத்தின் பின் பெண்ணின் பெயரோடு ஓர் ஆவணத்தில் தந்தையின் பெயரும் மற்றொன்றில் கணவரின் பெயரும் இணைகின்றன. பெயர்கள் நீண்டிருப்பதால் எழுத்துக் கூட்டலிலும் பிழைகள் நேர்கின்றன. இவற்றிற் பெரும்பாலானவை அன்றாட வாழ்வில் எவருக்கும் இடர் தருவதில்லை. ஆயின், வாக்களிப்பு நாளில் இடாப்பைக் கையில் வைத்திருக்கும் அலுவலருக்குத் தமிழ்ப் பெயர் மரபு தெரிந்திருக்கும் என எதிர்பார்க்க முடியாது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. இடாப்பிலுள்ள பெயரை ஆவணத்துக்கு ஏற்பத் திருத்துமாறு சபையின் தேர்தல் பதிவு அலுவலரிடம் கோரலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பெயர் மாற்றம் திருமணத்தால் நேர்ந்திருப்பின், வாக்களிக்கச் செல்லும்போது திருமணச் சான்றிதழையும் உடன் கொண்டு செல்லலாம். அல்லது இலவசச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அச்சான்றிதழில் இடாப்பிலுள்ள பெயரே அச்சிடப்படுவதால் முரண்பாடு எழ இடமில்லை. வேறு ஆவணம் வைத்திருப்போரும், அதிலுள்ள பெயரோ படமோ பொருந்துமா என்ற ஐயம் இருப்பின், சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உரிமை உடையோரே.

'இலவசம்' என்ற சொல்லின் கனம்

இவ்வாவணம் ஏன் இலவசமாக இருத்தல் வேண்டும்? வாக்களிக்க ஆவணம் கட்டாயம், ஆவணத்துக்குப் பணம் கட்டாயம் என்றானால், வாக்குக்கே விலை விதித்ததாகிவிடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களையும் வறியோரையும் வாக்களிப்பிலிருந்து விலக்குவதற்கு வாக்கு வரி பயன்பட்டது. 1964ஆம் ஆண்டு நிறைவேறிய 24ஆவது அரசியலமைப்புத் திருத்தமே கூட்டாட்சித் தேர்தல்களில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2008ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்தின் புகைப்பட ஆவணச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றபோதும், அம்மாநிலம் அடையாள அட்டையை இலவசமாக வழங்குவதை முக்கியமான காரணமாகக் கருதியது. அங்கே எழுந்த குறை என்னவெனில், இலவச அட்டையைப் பெறுவதற்குத் தேவையான பிறப்புச் சான்றிதழுக்குப் பணம் செலுத்தவேண்டியிருந்தது என்பதாகும். பிரித்தானியச் சான்றிதழுக்கு, தேசிய காப்புறுதி இலக்கம் உடையவர் பிறப்புச் சான்றிதழைத் தேடவேண்டியதில்லை. போரில் வீட்டோடு சேர்த்து ஆவணங்களையும் இழந்தோருக்கு இது சிறிய விடயம் அன்று.

அச்சங்களும் விளக்கங்களும்

அடையாள அட்டை என்ற சொல் ஒரு தலைமுறைத் தமிழரிடையே வேறொரு நினைவை எழுப்புகின்றது. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, அட்டையைக் கையில் பிடித்து, பெயரையும் பிறந்த ஊரையும் கேட்பவனின் முகத்தை நோக்கி நின்ற தலைமுறை அது. அரசிடம் தானாகவே சென்று பெயரும் படமும் கொடுப்பதில் அவர்களுக்குள்ள தயக்கத்தை இளையோர் ஏளனம் செய்தல் கூடாது. பொறுமையோடு விளக்குதல் வேண்டும்.

விளக்கவேண்டியவை இவை. இச்சான்றிதழில் முகவரியோ, பிறந்த திகதியோ, பிறந்த நாடோ அச்சிடப்படுவதில்லை. வாக்களிப்புக்கு வெளியே எவரும் அதனைக் காட்டுமாறு கோருவதில்லை. இங்கு வாக்களிப்பதால் விசாவோ, வதிவிட உரிமையோ, அரச உதவிப் பணமோ பாதிக்கப்படுவதில்லை. இடாப்பு இரு வகைப்படும்: தேர்தலுக்குப் பயன்படும் முழு இடாப்பு, எவரும் விலைக்கு வாங்கக்கூடிய திறந்த இடாப்பு. திறந்த இடாப்பில் தன் பெயர் இடம்பெற வேண்டாம் எனப் பதியும்போதே தெரிவிக்கலாம். பெயர் வெளிப்படுவதால் பாதுகாப்புக்கு ஆபத்து நேரும் நிலையில் உள்ளோர், உரிய சான்றோடு, பெயர் வெளியிடாமற் பதியவும் சட்டம் இடமளிக்கின்றது.

வாக்களிப்பு நிலையத்தில் ஆவணம் மறுக்கப்பட்டால் அன்றைய உரிமை முடிந்துவிடுவதில்லை. வாக்களிப்பு காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை நடைபெறும்; வேறோர் ஆவணத்தோடு திரும்பி வரலாம். ஆகவே காலையிலேயே செல்வது நன்று. ஆவணம் தொலைந்தோ களவு போயோ இருப்பின், வாக்களிப்பு நாளன்று மாலை 5 மணி வரை அவசரப் பதிலாள் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம். தபால்மூலம் வாக்களிப்போர் புகைப்பட ஆவணம் காட்டவேண்டியதில்லை. நடக்க இயலாத முதியோருக்கு அதுவே ஏற்ற வழி. ஆனால் பெரிய பிரித்தானியாவில் தபால் வாக்கு அனுமதி இப்போது மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதில்லை. மீண்டும் விண்ணப்பிக்க மறத்தலாகாது.

விதிகள் மாறக்கூடியவை. வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்கவும், பிரித்தானிய வங்கி அட்டைகளை அடையாளமாக ஏற்கவும் அரசாங்கம் 2025 யூலையில் திட்டம் அறிவித்தது. எனவே ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னரும் தேர்தல் ஆணைக்குழுவின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது அவசியம். சென்ற முறை ஏற்றார்கள் என்பதோ, மறுத்தார்கள் என்பதோ அடுத்த முறைக்கு வழிகாட்டி ஆகாது.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள்

2024ஆம் ஆண்டில் ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன் ஸ்ராட்போர்ட் அன்ட் போ தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். கட்சி வேறுபாடுகளுக்கு அப்பால், அகதிகளாக வந்தோரின் அடுத்த தலைமுறை இந்நாட்டின் சட்டமன்றத்தில் அமர முடியும் என்பதை அது காட்டியது. அவ்வாறு அமர்வோர் எவராயினும், அவர்களிடம் தமிழர் கேள்வி கேட்பதற்குப் பின்பலமாக நிற்பது இடாப்பிலுள்ள பெயர்களும் பெட்டியில் விழும் வாக்குகளுமே. மகஜர்களில் இடப்படும் கையெழுத்தை எண்ணுவோரைவிட வாக்கை எண்ணுவோர் அதிகம்.

இணையப் படிவங்கள் பெற்றோருக்குச் சுமை. பிள்ளைகளுக்கு அவை சில நிமிட வேலை. ஆங்கிலப் படிவத்தை நிரப்பவோ, சபைக்குத் தொலைபேசி அழைப்பு எடுக்கவோ, பத்து வயதிலிருந்தே பெற்றோருக்கு மொழிபெயர்த்துப் பழகிய தலைமுறை இது. அந்தப் பழக்கத்தின் ஒரு மாலைப்பொழுது இதற்கும் உரியதாகட்டும். ஈஸ்ட் ஹாமிலோ, ஹரோவிலோ, டூட்டிங்கிலோ, எந்த ஊரிலாயினும், வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகள் போதும். பெயர் இடாப்பில் உண்டா? ஏற்கத்தக்க ஆவணம் கையில் உண்டா? இரண்டிலும் உள்ள பெயர் ஒன்றா? மூன்றில் எதற்கேனும் 'இல்லை' என்பது விடையாயின், அன்றிரவே படத்தை எடுத்து விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இன்றித் தனித்து வாழும் முதியவர் இருப்பின் அவரையும் கேட்பது நன்று. தமிழ்ப் பாடசாலைகளும் ஆலயங்களும் தேவாலயங்களும் ஊர்ச்சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு நாளேனும் இதற்கென ஒரு மேசையையும் கணினியையும் ஒதுக்குமாயின், பல நூறு பெயர்கள் ஒழுங்குபெறும்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். தம் ஊரில் வாக்குரிமை இருந்த கதையையும், இழந்த கதையையும், வாக்களித்தும் பயனற்றுப்போன கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 18 வயதானதும் வாக்களிப்பு நிலையத்துக்கு உடன் அழைத்துச் செல்லலாம்.

மலையகத்தின் தோட்டத் தொழிலாளி தன் பாட்டனின் பிறப்புக்குச் சான்று தேடி அலைந்தும் கிடைக்கப்பெறாத ஒன்று, இங்கே கேட்டவருக்குத் தபாலில் இலவசமாக வந்து சேருகின்றது. அதனைக் கேட்டுப் பெற்று, வாக்களித்து, தமிழரின் குரலுக்கு வலுச் சேர்க்குமாறு அவையோர் அனைவரும் அன்போடு வேண்டப்படுகின்றனர்.